ஆடு ஒப்புவித்த சங்கீதம்

தாபோர்விளையில் ஆடு சங்கீதம் சொன்னது பங்குனியிலா சித்திரையிலா என்று இன்றைக்கும் ஊருக்குள் ஒத்த பேச்சு கிடையாது. தேரிக்காட்டில் காற்று கிளம்பிச் செம்மண் சோற்றுப்பானைக்குள் விழுந்த மாதம் என்பார்கள் சிலர், பதனீர் இறங்கத் தொடங்கிய மாதம் என்பார்கள் சிலர், ஆனால் ஆடு சொன்னது, அதுவும் திக்காமல் திணறாமல் அட்சர சுத்தமாகச் சொன்னது என்பதில் மட்டும் யாருக்கும் இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. சொன்னது ஜெயசீலி வீட்டு ஆடு. அதனால் அன்றைக்கு யாரும் பெரிதாக ஆச்சரியப்படவும் இல்லை. ஜெயசீலி வீட்டில் ஒரு பிராணி வளர்ந்து, அதற்கு வேத வசனம் தெரியாமல் இருந்தால்தான் ஊர் ஆச்சரியப்பட்டிருக்கும்.

அந்த வீட்டில் காலையில் வசனம் சொன்னால் காப்பி, சாயங்காலம் வசனம் சொன்னால் சோறு. மூத்தவன் பெனாயா அப்படித்தான் வளர்ந்து ஆளானான். ஓய்வுநாள் பள்ளிப் போட்டிகளில் அவன் வாங்கி வந்த எவர்சில்வர் தம்ளர்களும் தூக்குச்சட்டிகளும் அடுக்களை நிறைய இருந்தன, அந்த வீட்டில் கடையில் வாங்கிய பாத்திரம் குறைவு. இப்போது அவன் பஹ்ரைனில் ஏசி மெக்கானிக். வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான், பண்ணினதும் ஜெயசீலி இன்றைக்கு என்ன வசனம் வாசித்தாய் என்று கேட்பாள், கேட்டதும் லைன் அறுந்து போகும். பஹ்ரைனில் டவர் சரியில்லை என்று அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள், அதை நம்பவும் செய்தாள்.

அவளைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஜெயசீலி பிறவிக் கிறிஸ்தவள் இல்லை. இசக்கியம்மாளாகப் பிறந்து, தங்கையாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கி ஜெயசீலியானவள். கல்யாணம் முடிந்த மறுநாள் குடும்ப ஜெபத்தில், கணவன் வழிச் சொந்தங்கள் எல்லாம் பாய் விரித்து உட்கார்ந்திருக்க, புதுப்பெண் கையில் வேதப்புத்தகத்தைக் கொடுத்து, பழைய ஏற்பாட்டின் கடைசிப் பக்கமாக ஒளிந்திருக்கிற ஆபகூக் என்கிற சின்ன ஆகமத்தை எடுத்து வாசிக்கச் சொன்னார்கள். அவள் முதல் பக்கத்திலிருந்து தேடினாள். ஆதியாகமத்தில் தேடினாள், யாத்திராகமத்தில் தேடினாள், தேடத்தேட பக்கங்கள் கூடிக்கொண்டே போனதுபோல் இருந்தது, கடைசியில் நிமிர்ந்து பார்த்தபோது பெண்கள் எல்லாரும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கையாவின் உதடும் லேசாகக் கோணியிருந்தது. அன்றைக்கு முடிவு பண்ணினாள், இனி இந்த ஊரில் யாரும் தன்னைப் பார்த்தோ தன் வயிற்றில் பிறந்ததைப் பார்த்தோ சிரிக்கக் கூடாது என்று. ஒருவரும் சிரிக்கவில்லை, அது உண்மைதான். அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று அவள் கேட்டுக்கொண்டதில்லை.

இளையவள் எப்சிபாவுக்கு மனப்பாடம் வரவில்லை. புத்தியில்லாத பிள்ளை என்று சொல்ல முடியாது, எந்தக் கோழி எந்த மூலையில் முட்டை வைக்கும் என்று தெரியும், மினிபஸ் ஓட்டும் அப்பா எந்த வளைவில் எத்தனை தடவை ஹாரன் அடிப்பார் என்று வீட்டிலிருந்தே சொல்லுவாள். வசனம் மட்டும் அவள் நாக்கில் ஏறி நின்று, அம்மா முகத்தைப் பார்த்ததும் இறங்கி ஓடிவிடும். அண்ணன் ஐந்து வயதில் சொன்னதை இவள் பத்து வயதில் சொல்லவில்லை. ஜெயசீலி பயந்து போனாள். பயந்தவள் ஆண்டவரிடம் ஒரு பொருத்தனை செய்தாள்: வருகிற கோயில் பண்டிகையில், ஊர் முழுக்கக் கூடி உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடும் அசனத்தன்று, எப்சிபா இருக்கிறதிலேயே நீளமான நூற்றுப் பத்தொன்பதாம் சங்கீதத்தை முழுசாக ஒப்புவித்தாளானால், ஒரு கிடாயை அசனத்துக்குக் காணிக்கையாகக் கொடுப்பேன். அப்படி வாங்கி முருங்கை மரத்தில் கட்டி வளர்த்ததுதான் அந்தச் செவலைக் கிடாய்.

பாடம் நடப்பது பின்பக்கத்து முற்றத்தில், அந்த முருங்கை மரத்துக்குக் கீழே. தாய் கல்லில் உட்காருவாள், மகள் மண்ணில் முழங்கால் போட்டிருப்பாள், தாயின் மடியில் வேதப்புத்தகமும் கையில் ஒரு புளிய விளாரும் இருக்கும். வீட்டுக்குள் தங்கையா டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வான். பாடம் முடிகிறவரை அவன் ஒரு சீரியலையும் விட்டுவைக்கவில்லை, கதையைக் கேட்டால் ஒன்றும் தெரியாது.

அப்படி ஒரு சாயங்காலம், சங்கீதத்தின் நடுவில் ஏதோ ஒரு வசனத்தில் எப்சிபா மாட்டிக்கொண்டாள். தாய் விளாரை ஓங்கினாள். அப்போது முருங்கைக்கொழுந்தை மென்றுகொண்டிருந்த கிடாய், மெல்லுவதை நிறுத்தி, ஒரு சின்னப் பெண்ணின் மெல்லிய குரலில் அந்த வசனத்தை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சொல்லி, மறுபடி மெல்லத் தொடங்கியது. ஜெயசீலி புத்தகத்தில் விரல் வைத்துச் சரிபார்த்தாள். ஓர் எழுத்துப் பிசகவில்லை. அடுத்த வசனத்தைச் சொல்லச் சொன்னாள், சொன்னது. வேறொரு பெண்ணாயிருந்தால் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடியிருப்பாள், அல்லது முழங்கால்படியிட்டிருப்பாள். ஜெயசீலி மகள் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியாட்டி," என்றாள். "ஆடு சொல்லுது."

எப்சிபா தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கத்தில் குனிகிறாள் என்று தாய் நினைத்தாள். அது சரிதான், ஆனால் எந்த வெட்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஊருக்குத் தெரிந்தது, மூன்றாம் நாள் ஐயர் வந்தார். அந்தப் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள், அவர் மனைவி ஐயரம்மா. ஐயர் முருங்கை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முதலில் இருபதாம் வசனம் கேட்டார், பிறகு நூறாம் வசனம் கேட்டார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, வேதத்தில் பிலேயாமின் கழுதை பேசியிருக்கிறதே, ஆடு ஏன் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டு, ஜெயசீலி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். அத்தோடு ஆடு பேசுவது சரியா தப்பா என்கிற கேள்வி ஊரில் முடிந்துபோனது, மற்றக் கேள்விகள் ஆரம்பமாயின. அசனத்தன்று வசனப் போட்டியில் அதைச் சேர்க்கலாமா? சேர்த்தால் எந்தப் பிரிவில்? பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் எல்லாரும் கலந்துகொள்ளலாம் என்றுதான் விதி இருக்கிறது, கிடாய்க்கு ஒரு வயதுகூட ஆகவில்லை என்று ஓய்வுநாள் பள்ளிச் சூப்பரின்டென்ட் சொன்னார். ஞானஸ்நானம் பெறாத ஒன்று பரிசு வாங்கினால் மற்றப் பிள்ளைகளின் தாய்மார் சும்மா இருப்பார்களா என்று சபைப் பொருளாளர் கேட்டார். போட்டியும் வேண்டாம், பரிசும் வேண்டாம், இப்போதே ஒரு மாலை போட்டுவிடலாம் என்று முடிவாயிற்று.

போட்ட அன்றே அது மாலையைத் தின்றுவிட்டது. அதையும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பனையேறப் போகிறவர்கள் போகிற வழியில் நின்று ஒரு வசனம் கேட்டுவிட்டுப் போனார்கள். பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகள் அதன் நெற்றியைத் தொட்டுவிட்டுப் போனார்கள், இது விக்கிரக ஆராதனைபோல் இருக்கிறது என்று ஐயர் ஒரு பிரசங்கத்தில் சாடையாகச் சொன்ன பிறகு, தொடாமல் பக்கத்தில் நின்றுவிட்டுப் போனார்கள். ஆனால் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது போதாத காலம். வீட்டுக்கு வீடு சாயங்கால வசன நேரத்தில், ஆட்டைப் பார், வாயில்லா ஜீவனைப் பார், உனக்கு என்ன கேடு என்கிற பாட்டுத்தான். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் ஜெயசீலி வீட்டுத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கினார்கள், ஒரு பையன் வேலிக்கு வெளியிலிருந்து அதன்மேல் கல்லெறிந்தான், எறிந்ததற்கு வீட்டில் நல்ல அடி வாங்கினான்.

ஜெயசீலிக்கு அது கொடிகட்டிப் பறந்த காலம். முந்தானையைப் பொத்திச் சிரித்த அதே சொந்தக்காரிகள் வந்து, பிள்ளை வளர்க்கிறது எப்படி என்று எங்களுக்கும் சொல்லிக்கொடு என்றார்கள். கிடாயின் குரல் எப்சிபா குரல் மாதிரியே இருக்கிறது என்று ஒருத்தி சொன்னபோது, ஒன்றாக வளர்கிறதுகள் அப்படித்தான் இருக்கும் என்று ஜெயசீலி பெருமையாகச் சொன்னாள். பெண்கள் ஐக்கிய சங்கத்துக் கூட்டத்தில், வேத வசனத்தில் பிள்ளைகளை வளர்ப்பது என்கிற தலைப்பில் அவள் பேச வேண்டும், ஆட்டையும் கூட்டிவர வேண்டும் என்று ஐயரம்மாவே வீட்டுக்கு வந்து கேட்டுக்கொண்டார்.

அன்று மத்தியானம் கோயில் நிறையப் பெண்கள். ஜெயசீலி கல்யாணப் பட்டுச்சேலை உடுத்தியிருந்தாள். எப்சிபாவை முன்வரிசைப் பாயில் உட்கார வைத்துவிட்டு, கிடாயைக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டி, பீடத்துக்குக் கீழே கொண்டு வந்து நிறுத்தி, அவள் பேச, அது சொல்ல, கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஐம்பதாவது வசனமோ அறுபதாவது வசனமோ, அதில் கிடாய் நின்றது. மறந்ததா, மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்து மிரண்டதா என்று தெரியாது. கூட்டம் காத்திருந்தது. காத்திருக்கிற கூட்டத்தைப் பார்த்ததும் ஜெயசீலிக்கு அந்தப் பழைய ஆபகூக் பயம் வந்தது, பயத்தில் கை தன்பாட்டுக்கு உயர்ந்தது. கையில் விளார்கூட இல்லை, பேசுவதற்குக் குறித்து வைத்திருந்த தாளைத்தான் சுருட்டிப் பிடித்திருந்தாள். கிடாய் அந்தக் கையைப் பார்த்தது. பார்த்து, முன்னங்கால்கள் இரண்டையும் மடக்கி முழங்கால் போட்டு, வசனத்தோடு தான் கற்றுக்கொண்ட மிச்சத்தையும் சொல்லத் தொடங்கியது.

"வாயத் தொற மூதேவி. தொறன்னா தொறக்கணும். ஒனக்குச் சோறு ஒரு கேடா? ஒன்னப் பெத்ததுக்கு ஒரு அம்மிக்கல்லப் பெத்திருந்தா தொவையலாவது அரச்சிருப்பேன்."

சொன்னது எப்சிபாவின் குரலில். ஏற்ற இறக்கம் எல்லாம் ஜெயசீலியுடையது, மூச்சு வாங்குகிற இடம்கூட அவளுடையது, குரல் மட்டும் மகளுடையது. பிறகு விளார் காற்றில் வீசுகிற சத்தத்தைச் சொன்னது. அது விழுகிற சத்தத்தைச் சொன்னது. அதன் பிறகு ஆட்டின் சொந்தக் குரலில் ஒரு சின்னக் கனைப்பு, அதற்குப் பின்னால் எப்சிபாவின் குரலில், "அழுதியோ, இன்னும் ரெண்டு விழும்," அப்புறம் தடையில்லாமல் அடுத்த வசனம்.

கோயிலில் யாரும் சிரிக்கவில்லை. ஜெயசீலி வாழ்நாள் எல்லாம் பயந்தது சிரிப்புக்குத்தான், சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஒருத்தியும் நிமிரவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டவர்களும் மடியில் இருந்த பிள்ளையின் தலையை வருடியவர்களும் அங்கே எத்தனையோ பேர், கேட்ட எல்லாருக்கும் அது யாருடைய பேச்சு என்று தெரியும், ஏனென்றால் சொல்லுக்குச் சொல் மாறினாலும் அவரவர் வீட்டு முற்றத்திலும் அதே பேச்சுத்தான். அது அவர்களுக்குத் தெரிந்தது என்பதுதான் எல்லாவற்றிலும் கேவலம். ஒரு கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் வெட்கப்பட்டால் அதற்கு எங்காவது போக்கிடம் வேண்டும், போக்கிடம் தேடி எல்லாக் கண்ணும் மெதுவாக முன்வரிசைப் பாயில் இருந்த எப்சிபா மேல் போய் நின்றன.

இந்தச் சின்ன வாயிலிருந்தா இவ்வளவு பேச்சு வருகிறது என்று ஐயரம்மா வருத்தத்தோடு கேட்டார். எங்கே கற்றுக்கொண்டதோ, பள்ளிக்கூடத்துச் சகவாசமாக இருக்கும், டிவியாக இருக்கும் என்று பின்னாலிருந்து பதில்கள் வந்தன. வாயில்லா ஜீவனை இந்தப் பிள்ளை இப்படியா அடிக்கும் என்றாள் ஒருத்தி. யாரிடம் படித்தாய் இந்தப் பேச்சையெல்லாம் என்று ஐயரம்மா எப்சிபாவிடமே கேட்டார். எப்சிபா அம்மாவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான் பார்த்தாள். பிறகு, "நானாத்தான் பேசுனேன்," என்றாள்.

ஜெயசீலி வாயைத் திறக்கவில்லை. இல்லை, திறந்தாள், இந்தப் பிள்ளையால் எனக்கு வந்த தலைகுனிவைப் பாருங்கள் என்று சொல்லி அழுதாள். பெண்கள் எழுந்து வந்து அவளைத் தேற்றினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கிடாயின் கால்களைத் தூக்கிப் பார்த்தாள். தொடையில், மயிர் மூடியிருக்கிற இடமாகப் பார்த்து, வரி வரியாகத் தழும்பு இருந்தது. எப்சிபாவின் பாவாடை மூடுகிற இடத்தில் இருப்பது போலவே இருந்தது. ஏன் அடித்தாய் என்று கேட்டாள், கேட்கிற குரலே அவளுக்குப் பிடிக்கவில்லை. பாடம் முடிந்து சோறு இல்லை என்று வெளியே நிறுத்திய நாட்களில், தனியாக நிற்கப் பயமாக இருந்ததால் செவலைக்குச் சொல்லிக்கொடுத்ததாக எப்சிபா சொன்னாள்.

"மொதல்ல தடவித்தாம்மா சொல்லிக்குடுத்தேன். அதுக்கு வரல. அடிச்ச பொறவுதான் வந்துது."

அதில் பொய் ஒன்றும் இல்லை. பெருமையும் இல்லை, செவலையின் தொடையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டேதான் சொன்னாள். ஜெயசீலிக்கு நூற்றுக்கணக்கான வசனங்கள் மனப்பாடம், அவற்றில் ஒன்றுகூட இந்தப் பிள்ளைக்குச் சொல்லுகிற பதிலாக வந்து நிற்கவில்லை. அப்போதுதான் அது அவளுக்குப் பட்டது: எப்சிபாவுக்கு மனப்பாடம் வராது என்று யார் சொன்னது? தாயை அவள் ஓர் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் பண்ணியிருந்தாள்.

ஊர் அந்த ஆட்டைத் தாங்கிக்கொள்ளத் தன்னால் ஆனதைச் செய்தது. சாயங்கால வசன நேரத்தில் ஜன்னல்கள் அடைபட்டன. நாய்களை வெளியே விரட்டினார்கள், அடைகாக்கிற கோழியைக்கூடக் கூடையோடு தூக்கிப் பக்கத்துத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தார்கள். முற்றத்தில் எருமை கட்டியிருந்த பொருளாளர் அதை அவசரமாக வந்த விலைக்கு விற்றார், விற்ற இடத்தில் அது ஏதாவது பேசுகிறதா என்று பிறகு இரண்டு தடவை போய் விசாரித்தார். சில வீடுகளில் வசனமே சொல்லவில்லை. தெருவில் போகிறவர்கள் செவலைக்கு அகத்திக்கீரையும் பலாஇலையும் கொண்டுவந்து போட்டார்கள், அது தங்களைப் பற்றி என்ன கேட்டு வைத்திருக்கிறதோ என்று. கடைசியில் சபைக் கமிட்டி கூடியது. பொருத்தனைக் கிடாய் பொருத்தனைக் கிடாய்தான், எப்சிபா ஒப்புவித்தாலும் ஒப்புவிக்காவிட்டாலும் ஆண்டவருக்கென்று நேர்ந்தது அசனத்துக்கு வந்துவிட வேண்டும், அதை முதல் ஆடாக அறுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அவ்வளவு சீக்கிரம் ஒருமனப்பட்ட தீர்மானம் தாபோர்விளைக் கமிட்டியில் அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது.

இன்னொரு தீர்மானமும் போட்டார்கள். எப்சிபா வசனப் போட்டியில் நிற்க வேண்டாம். அதற்குப் பதிலாகப் பண்டிகை ஆராதனையில் சபைக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். சின்னப் பிள்ளை, சொந்தமாகப் பேசத் தெரியாது என்பதால் நாலு வரி ஐயரே சொல்லிக்கொடுத்தார். வாயில்லா ஜீவனை அடித்தேன் என்று அவர் சொன்ன இடத்தில், இந்த ஆட்டுக்குத்தான் வாய் இருக்கிறதே ஐயா என்று பொருளாளர் தடுத்தார், அது நியாயம் என்று பட்டதால் அந்த வரியை, என்னை நம்பியிருந்த ஜீவனை அடித்தேன் என்று மாற்றினார்கள். நாலு வரியையும் பிள்ளைக்கு மனப்பாடம் பண்ணிவைக்கும் பொறுப்பு தாயிடம் வந்தது. ஜெயசீலி சரி என்றாள். இது நடந்து முடிந்தால் போதும், பழையபடி எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தாள். நினைத்ததற்காக அவள் பின்னால் எவ்வளவோ தடவை தன்னைத்தானே காறித் துப்பிக்கொண்டாள், ஆனால் அப்போது நினைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெனாயா போன் பண்ணினான். செய்தி வாட்ஸ்அப்பில் பஹ்ரைன் வரை போயிருந்தது. ஜெயசீலி அன்றைக்கு வசனம் கேட்கவில்லை, லைனும் அறுந்து போகவில்லை. அவன்தான் கேட்டான்.

"எனக்கு உரல்னுல்லாம்மா சொல்லுவிய. ஒரு உரலப் பெத்திருந்தா நெல்லாவது குத்தியிருப்பேன்னு. அவளுக்கு அம்மிக்கல்லா?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே கேட்டான், நம் வீட்டில் பழைய சைக்கிள் இன்னும் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி. வைக்கட்டுமா என்று கேட்டு வைத்துவிட்டான். போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜெயசீலி அடுக்களையில் நின்றாள். சுற்றிலும் அவன் வாங்கிய பரிசுப் பாத்திரங்கள், எல்லாவற்றிலும் அவள் முகம் தெரிந்தது, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி கோணிக்கொண்டு தெரிந்தது. எதை எடுத்துச் சோறு போடுவது என்று தெரியாமல் அன்றைக்கு வாழையிலையில் போட்டாள்.

மன்னிப்பு வரிகளை அவள் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தது விளார் இல்லாமல். அதட்டவும் இல்லை. அப்படியும் எப்சிபா தாய் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் சொன்னாள், இரண்டாவது வரியில் தடுக்கினாள், தடுக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள். மரத்தடியில் செவலை மென்றுகொண்டிருந்தது. அது ஒரு வார்த்தையும் எடுத்துச் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அது பேசுவதையே விட்டிருந்தது.

பண்டிகையன்று விடியக்காலம் வந்து அதைக் கொண்டுபோனார்கள். எப்சிபா அடுப்படியைவிட்டு வரவில்லை. தன் கால்களாலேயே நடந்து போயிற்று, அறுக்கிறபோது அது ஒன்றும் சொல்லவில்லை என்று அறுத்தவர் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார், ஒருவரும் நம்பவில்லை. ஆராதனை தொடங்கியபோது கோயில் வளாகத்தில் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன, கறி வேகிற வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. எல்லா ஆடும் ஒரே கொப்பரையில்தான் வேகும். யார் இலையில் எது விழும் என்று யாருக்கும் தெரியாது, அந்த யோசனையில் பாட்டுப் பாடுகிற பலருக்கு அன்று சுருதி சேரவில்லை.

பிரசங்கம் முடிந்து ஐயர் எப்சிபாவைக் கூப்பிட்டார். அவள் போய்ப் பீடத்துக்கு முன்னால், சபையைப் பார்த்து நின்றாள். ஓய்வுநாள் பள்ளிக்குப் போட்டுப்போகிற பச்சைப் பாவாடை, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய சடை. முதல் வரியைச் சொன்னாள்: "என் வாயினால் தகாத வார்த்தைகளைப் பேசினேன்." அதோடு நின்றுவிட்டாள். கோயில் காத்திருந்தது. ஐயர் தலையாட்டினார், எப்சிபாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை, அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பெண்கள் பக்கத்துப் பாயில் இருந்த ஜெயசீலி, மேடையில் பிள்ளை மறந்தால் எந்தத் தாயும் செய்கிறதைச் செய்தாள், அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தாள். "என்னை நம்பியிருந்த ஜீவனை அடித்தேன்," என்றாள், ரகசியக் குரலில். எப்சிபாவுக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னாள். பிள்ளை கண்ணைத் திறக்கவே இல்லை. மூன்றாவது தடவை, கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள், "என்னை நம்பியிருந்த ஜீவனை அடித்தேன்," சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டாள்.

எழுந்து நின்றாள். மூன்றாவது வரியையும் சொன்னாள். "தேவனுடைய வசனத்தைச் சொல்லிக்கொடுக்கிற வேளையில் என் நாவை நான் காக்கவில்லை." இன்னும் எடுத்துத்தான் கொடுக்கிறாள் என்று நினைத்த ஐயர், பிள்ளையே சொல்லட்டும் அம்மா, அவசரமில்லை என்றார்.

"பிள்ள சொல்லுததுக்கு இதுல ஒண்ணும் இல்ல ஐயா," என்றாள் ஜெயசீலி. "அந்த வாய் என் வாய். அவ எங்கிட்டதான் படிச்சா. பெரியவனும் எங்கிட்டதான் படிச்சான். அன்னைக்குக் கூட்டத்துல அவளக் கேட்டப்ப நான் பேசாம இருந்தேன்."

ஆண்கள் பக்கத்தில் தங்கையா தலையை இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி அழுதாள், யார் என்று பார்க்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. வெளியே கொப்பரையில் அகப்பை மோதுகிற சத்தம் கேட்டது. நாலாவது வரி ஒன்று பாக்கியிருந்தது, ஜெயசீலி அதைச் சொல்ல வாயெடுத்தாள், "சபையாரும் ஆண்டவரும்" என்று தொடங்கினாள், அதற்கு மேல் வரவில்லை. மறக்கவில்லை. அந்த வரியில் ஊரே இருந்தது, கடவுள் இருந்தார், யாரிடம் கேட்க வேண்டுமோ அவள் பெயர் மட்டும் அதில் இல்லை, அந்தப் பெயரைச் சொல்ல நாக்கு எழும்பவில்லை. கூட்டத்துக்கு நடுவில், அத்தனை கண்களுக்கும் முன்னால், வாயைத் திறந்துகொண்டு நின்றாள்.

பீடத்துக்கு முன்னால் நின்ற எப்சிபா கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்கு மறந்துவிட்டது என்று நினைத்தாள். ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தாள், அம்மா பயந்துவிடக் கூடாதே என்று குரலைத் தணித்துக்கொண்டாள், பிறகு, "என்னை மன்னிக்க வேண்டும்," என்று எடுத்துக்கொடுத்தாள். "அவ்வளவுதாம்மா. மெதுவா சொல்லுங்க."

ஜெயசீலி அதைச் சபையைப் பார்த்துச் சொல்லவில்லை. எப்சிபாவைப் பார்த்துச் சொன்னாள்.